பீட்டா டிரைவர்: போடலாமா, பொறுக்கலாமா?

கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு, சோதனை முழுதும் முடியுமுன்பே வெளியிடப்படும் பீட்டா டிரைவர்களைப் பற்றி இம்முறை ஆறு கடிதங்கள் வந்துள்ளன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: புதிதாக வாங்கிய கேம் ஒன்று கால் மணி நேரம் ஓடியதும் திரை கறுத்து, தானாக மூடிக்கொள்கிறது. கார்டு நிறுவனத்தின் தளத்தில் இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லும் பீட்டா டிரைவர் ஒன்று இருக்கிறது. கடைக்காரரோ, "பீட்டா போட்டால் கார்டு புகைந்துவிடும், சர்ட்டிஃபிகேட் உள்ளதை மட்டும் போடுங்கள்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (மதுரை வாசகர்)

பதில்: கடைக்காரர் எச்சரிப்பதில் தவறில்லை. ஆனால் அவர் எதைக் கண்டு அஞ்சுகிறாரோ, அது பீட்டாவுக்கு மட்டும் உரிய குறை என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை.

முதலில் டிரைவர் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். டைரக்ட்எக்ஸ் அல்லது வல்கன் என்னும் வரைகலை இடைமுகங்களின் வழியாக கேம் கேட்பதையெல்லாம் உங்கள் கார்டில் உள்ள சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவதே அதன் வேலை. விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து இது இரண்டு பகுதிகளாக இயங்குகிறது. ஒரு பகுதி கேமுடன் சேர்ந்து ஓடுகிறது. அது தடுமாறினால் பெரும்பாலும் கேம் மட்டும் மூடிக்கொள்ளும். மற்றொரு பகுதி இயக்குதளத்தின் உட்கருவான கெர்னலில் இருக்கிறது. அது பிழை செய்தால் நீலத்திரை வந்து, கணினியே விழுந்துவிடும். இவற்றுக்கு இடைப்பட்ட நிலை ஒன்றும் உண்டு. கொடுத்த வேலைக்குச் சில்லு 2 நொடிகளுக்குள் மறுமொழி தராவிட்டால், அது உறைந்துவிட்டதாகக் கருதி விண்டோஸ் அதை மீண்டும் தொடக்கநிலைக்குக் கொண்டுவரும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும், கேம் செத்திருக்கும். உங்கள் கடிதத்தில் விவரித்திருப்பது ஏறத்தாழ இதையேதான். விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் அந்த நேரத்துக்கு நேராக 4101 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டிரைவர் மறுமொழி தராமல் நின்று மீண்டிருக்கிறது என்று பொருள். அப்போதும் டிரைவர்தான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிட முடியாது. ஓவர்கிளாக் செய்யப்பட்ட, அதாவது நிர்ணயித்ததைவிட வேகமாக ஓடவைக்கப்பட்ட கார்டு, தளர்ந்துபோன பவர் சப்ளை, தூசி அடைத்த ஃபேன் ஆகியவையும் இதே தடத்தைத்தான் விட்டுச்செல்லும். ஆகவே, ஓவர்கிளாக் செய்திருந்தால் அதை நீக்கிவிட்டு, வெப்பநிலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகு டிரைவரின் பக்கம் வாருங்கள்.

இனி, சான்றிதழ். டபிள்யூ.எச்.க்யூ.எல். என்பது மைக்ரோசாஃப்ட் வகுத்த சோதனைத் தொகுப்பு ஒன்றில் அந்த டிரைவர் தேறிவிட்டது என்பதற்கான முத்திரை. விண்டோஸோடு ஒழுங்காகப் பழகுகிறதா என்பதை அந்தச் சோதனைகள் பார்க்கின்றன; நேற்று வெளிவந்த உங்கள் கேமின் மூன்றாம் கட்டத்தில் என்ன ஆகும் என்பதை அவை பார்ப்பதில்லை. பீட்டா என்ற பெயரில் வருவது, அந்த முத்திரைக்கோ நிறுவனத்தின் முழுச் சோதனைச் சுற்றுக்கோ காத்திராமல் முன்னதாகவே வெளியிடப்படும் பதிப்பு. முத்திரை இருப்பதால் குறை இல்லை என்று நம்புவதும், இல்லாததால் ஆபத்து என்று ஒதுக்குவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற டிரைவர் டபிள்யூ.எச்.க்யூ.எல். சான்றிதழ் பெற்றதுதான். அதை நிறுவிய சிலரின் கணினிகளில் ஃபேனின் வேகம் தேவைக்கேற்ப உயரவில்லை. கார்டுகள் அளவுக்கு மீறிச் சூடேறின. சில நாள்களில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, முந்தைய 196.21க்குச் செல்லுமாறு அறிவுறுத்தியது. கடைக்காரர் சொன்ன புகைக் கதையின் வேர் அநேகமாக இங்கேதான் இருக்க வேண்டும். வாய்மாறி வாய்மாறி வந்ததில் பழி பீட்டாவின் தலையில் விழுந்துவிட்டது போலும். 2015 நவம்பரில் ஏ.எம்.டி. பெரும் விளம்பரத்தோடு கொண்டுவந்த கிரிம்சன் தொகுப்பிலும் ஏறத்தாழ இதே குறை தலைகாட்டியது: சில கார்டுகளில் ஃபேன் வேகம் 30 விழுக்காட்டைத் தாண்டாமல் நின்றது. அதைச் சரிசெய்ய ஒரு வாரத்துக்குள் வந்த 15.11.1 என்ற பதிப்பின் பெயரிலேயே பீட்டா என்ற சொல் இருந்தது. 2025 ஏப்ரலில் வந்த என்விடியாவின் 576.02 டிரைவரில், கணினி உறக்கநிலையிலிருந்து எழுந்தபின் கார்டின் வெப்பநிலை கண்காணிப்பு மென்பொருள்களுக்குச் சரியாகத் தெரியாமல் போனது, 576.15 என்ற ஹாட்ஃபிக்ஸ் அதைத் தீர்த்தது. ஹாட்ஃபிக்ஸ் என்பதும் பீட்டாதான். மிகச் சுருக்கமான சோதனையோடு, உள்ளது உள்ளபடியே தருகிறோம் என்று அந்த நிறுவனமே சொல்லித்தான் வெளியிடுகிறது.

எனவே உங்களுக்கு நான் சொல்வது: முத்திரையை விட்டுவிட்டு வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். அதில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். தீர்க்கப்பட்ட குறைகளின் பட்டியலில் உங்கள் கேமின் பெயரும் உங்கள் கார்டின் வரிசையும் சேர்ந்து இடம்பெற்றிருந்தால், அந்த பீட்டா உங்களுக்காகவே எழுதப்பட்டது, தயங்காமல் நிறுவலாம். கேமின் பெயர் இருந்து, கார்டு வேறு தலைமுறையைச் சேர்ந்ததாக இருந்தால் பலன் ஐயத்துக்குரியது. இரண்டும் இல்லையென்றால் அடுத்த முறையான பதிப்புக்குக் காத்திருப்பதே மேல். இன்னமும் தீராத குறைகள் என்ற இரண்டாம் பட்டியலைத்தான் எவரும் படிப்பதில்லை. நானும் ஒருமுறை படிக்கவில்லை. இந்தப் பகுதியை எழுதும் கணினியில், ஒரு கேமுக்காக அவசரப்பட்டு பீட்டா ஒன்றைப் போட்டேன். கேம் அருமையாக ஓடியது. ஆனால் உறக்கநிலையிலிருந்து கணினி எழும்போதெல்லாம் இரண்டாவது மானிட்டர் எழ மறுத்தது. நான்கு நாள்கள் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்த பிறகுதான் குறிப்பைத் திறந்தேன். அந்தக் குறை மூன்றாவது வரியிலேயே, என் மானிட்டர் இணைப்பின் வகையையும் சேர்த்து, அச்சடித்தாற்போல இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பீட்டா என்றாலும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். 64 பிட் விண்டோஸ், கையொப்பம் இல்லாத கெர்னல் டிரைவரை ஏற்பதில்லை. உண்மையான பீட்டாவுக்கும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். "கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு இதை நிறுவுங்கள்" என்று எங்கேனும் சொல்லியிருந்தால், அந்தக் கோப்பை அப்போதே அழித்துவிடுங்கள்.

கேள்வி: பீட்டா டிரைவர் போட்டால் ஃபிரேம் வேகம் கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (ஈரோட்டிலிருந்து கல்லூரி மாணவர்)

பதில்: கார்டின் வயதைப் பொறுத்தது. பல ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கும் சில்லுக் கட்டமைப்பில் டிரைவர் வழியாகப் பிழிந்தெடுக்க இனி அதிகம் இருக்காது. புதிய கேம் ஒன்றுக்கான தனிச் சீரமைப்பு இருந்தாலொழிய, வேறுபாட்டைக் கண்ணால் காண முடியாது. புத்தம்புதிய கட்டமைப்பின் கதை வேறு. இன்டெல் 2022 அக்டோபரில் ஆர்க் ஏ770, ஏ750 கார்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, டைரக்ட்எக்ஸ் 9ஐப் பயன்படுத்தும் பழைய கேம்கள் அவற்றில் தவழ்ந்தன. காரணம், அந்தக் கட்டளைகள் நேரடியாகச் செல்லாமல் டைரக்ட்எக்ஸ் 12 ஆக மொழிபெயர்க்கப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் வந்த டிரைவரில் அப்படிப்பட்ட கேம்களின் வேகம் 1.8 மடங்கு வரை உயர்ந்ததாக இன்டெல் அறிவித்தது. ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், மென்பொருளால் மட்டும் கிடைத்த உயர்வு அது. அத்தகைய கார்டை வைத்திருப்பவர் பீட்டாக்களைப் பின்தொடர்வதில் பொருள் இருக்கிறது.

புதிய வசதிகளுக்கும் இது பொருந்தும். ஃபிரேம்களுக்கு இடையே செயற்கையாக ஃபிரேம்களை உருவாக்கும் ஏ.எம்.டி.யின் ஃப்ளூயிட் மோஷன் ஃபிரேம்ஸ், 2023 செப்டம்பர் இறுதியிலேயே முன்னோட்ட டிரைவரில் கிடைத்தது. முறையான பதிப்பில் வந்தது 2024 ஜனவரியில். ஆர்வலர்களுக்கு நான்கு மாதங்கள் முன்னதாகக் கைக்கு வந்தது என்பதோடு, அந்த நான்கு மாதங்களில் அவர்கள் எழுதி அனுப்பிய குறைகள் நிறுவனத்துக்கும் பயன்பட்டிருக்கும்.

ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். டிரைவரை மாற்றியவுடன் கேம் முன்பைவிடத் திக்கித்திக்கி ஓடினால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். காட்சிகளை வரைவதற்காக முன்கூட்டியே தொகுத்துச் சேமித்து வைத்திருந்த நிரல்களான ஷேடர் கேஷ் புதிய டிரைவருக்குப் பொருந்தாது என்பதால், அது மீண்டும் தொகுக்கப்படுகிறது. அரை மணி நேரம் விளையாடியபின் அளந்து பாருங்கள்.

கேள்வி: டிரைவர் மாற்றியதற்காக ஆன்லைன் கேமில் கணக்கையே முடக்கிவிடுவார்களாமே? (திருச்சி வாசகர்)

பதில்: கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இது நடந்திருக்கிறது. 2023 அக்டோபரில் ஏ.எம்.டி. வெளியிட்ட 23.10.1 டிரைவர், ஆன்டி-லேக் பிளஸ் என்ற வசதியைக் கவுன்டர்-ஸ்டிரைக் 2 கேமுக்கும் நீட்டித்தது. சுட்டியை அசைப்பதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடைப்பட்ட தாமதத்தைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆனால் அதைச் செய்வதற்காக, கேமின் உள்ளே ஓடும் நிரல்களின் அழைப்புகளை டிரைவர் இடைமறித்துத் திருப்பியது. ஏமாற்று மென்பொருள்களும் அதே வழியில்தான் நுழையும் என்பதால், அந்த கேமை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் கண்காணிப்பு இதை மோசடி என்று கருதி, வசதியை இயக்கியவர்களின் கணக்குகளைத் தடைசெய்தது. வால்வ் வெளிப்படையாக எச்சரித்த பிறகு ஏ.எம்.டி. அந்த டிரைவரை நீக்கியது. அடுத்த பதிப்பில் அவ்வசதி அணைக்கப்பட்டிருந்தது, தடைகளை விலக்கும் வேலையை வால்வ் மேற்கொண்டது. 2024இல் வந்த ஆன்டி-லேக் 2, கேமை உருவாக்கியவர்களே தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் முறையில் அமைந்தது.

ஆகையால், பரிசுப் போட்டிகளில் ஆடுபவராகவோ, நிறையப் பணம் செலவழித்த கணக்கை வைத்திருப்பவராகவோ நீங்கள் இருந்தால், எந்தப் பதிப்பில் வந்தாலும் கேமின் உள்ளே கைவைக்கும் புதிய வசதியை ஓரிரு வாரங்கள் அணைத்தே வைத்திருங்கள்.

கேள்வி: ஜி.எஸ்.டி. கணக்கும் கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும் செய்யும் லேப்டாப் என்னுடையது. பீட்டா டிரைவரால் எனக்கு ஏதேனும் பயன் உண்டா? (சிவகாசி வாசகி)

பதில்: இல்லை அம்மா. கணக்கு எழுதுவதற்கு எந்த டிரைவரும் போதும். லேப்டாப்பில் பிரைட்னெஸ் பொத்தான், வெளித்திரை இணைப்பு, இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கு இடையே மாறுதல் ஆகியவை, அதைத் தயாரித்த நிறுவனம் தன் தேவைக்கேற்பச் சீரமைத்த டிரைவரை நம்பியிருப்பதுண்டு. எடிட்டிங் மென்பொருளில் சிக்கல் எழுந்தால் முதலில் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள். அங்கே தீர்வு இல்லாமல், உங்களுடையது என்விடியா சில்லாகவும் இருந்தால், படைப்பாளிகளுக்கென 2019 முதல் தனியாக வரும் ஸ்டூடியோ டிரைவரைப் போடுங்கள். அது கேம்களுக்கான டிரைவரைப்போல அடிக்கடி மாறுவதில்லை.

கேள்வி: லினக்ஸ் பயன்படுத்துகிறேன். டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வெளியீட்டின்) தொகுப்பிலேயே வரும் என்விடியா டிரைவர் போதாதா, பீட்டாவைத் தேடிப் போக வேண்டுமா? (பெங்களூரு வாசகர்)

பதில்: சாதாரண நாள்களில் போதும். ஆனால் 2024 மே மாதத்தில் உங்களைப் போன்றோருக்கு பீட்டாவைத் தேட நல்ல காரணம் இருந்தது. லினக்ஸின் புதிய திரைக்காட்சி முறையான வேலேண்டில், பழைய முறையான எக்ஸுக்காக எழுதிய செயலிகளைத் திறந்தால் படங்கள் மின்னி மின்னி, பழைய ஃபிரேம்கள் முன்பின்னாக எட்டிப்பார்க்கும் தொல்லையை என்விடியா பயனர்கள் நெடுநாள் சுமந்தார்கள். வரைந்து முடிந்ததைத் திரைக்கு வெளிப்படையாகத் தெரிவிக்கும் எக்ஸ்பிளிசிட் சிங்க் என்னும் முறைக்கு 555.42.02 பீட்டாவில் ஆதரவு வந்ததும் அது தணிந்தது. முறையான 555.58 ஜூன் இறுதியில்தான் வந்தது. காத்திருந்தவருக்குக் கூடுதலாக நேர்ந்த துன்பம் ஒரு மாதம் மட்டுமே என்பதையும் சேர்த்தே எடைபோடுங்கள். லினக்ஸில் கெர்னல் புதுப்பிக்கப்படும்போது, கையால் நிறுவிய டிரைவரின் தொகுதி மீண்டும் கட்டப்படாவிட்டால் வரைகலைத் திரையே வராது. டிஸ்ட்ரோவின் சோதனைக் களஞ்சியத்தில் பீட்டா கிடைத்தால் அதையே எடுங்கள்.

கேள்வி: உங்கள் பதில் வரும்வரை பொறுமை இல்லாமல் பீட்டாவை நிறுவிவிட்டேன். இப்போது விண்டோஸ் சின்னம் வரை வந்து திரை கறுத்துப்போகிறது. எப்படித் திரும்புவது? (கொழும்பு வாசகர்)

பதில்: பதறாதீர்கள், உங்கள் கோப்புகளுக்கு எதுவும் ஆகியிருக்காது.

முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்றையும் அழுத்திக்கொண்டு பி விசையைத் தட்டுங்கள். கணினி உயிரோடு இருந்தால் ஒரு சிறு ஒலி கேட்கும்; கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுதொடக்கம் பெறும். பல நேரங்களில் படம் அதிலேயே திரும்பிவிடும். வராவிட்டால், உங்கள் பிராசசரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருக்கிறதா என்று பார்த்து, மானிட்டர் கேபிளைக் கார்டிலிருந்து கழற்றி மதர்போர்டில் செருகிப் பாருங்கள். அதிலும் இருள்தான் என்றால் அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் இயங்கும் சேஃப் மோடுக்குப் போக வேண்டியதுதான். விண்டோஸ் எழும்போதே மின்பொத்தானை நெடுநேரம் அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று வரிசையாகச் சென்று, மறுதொடக்கத்துக்குப் பின் 4 என்ற எண்ணைத் தட்டுங்கள். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் வட்டு பூட்டப்பட்டிருந்தால் இந்த இடத்தில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கைப்பேசியில் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

சேஃப் மோடில் உங்கள் கார்டின் டிரைவர் ஓடாது. மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிரைவர்தான் படம் காட்டும். எழுத்துகள் பெருத்து, கோணலாகத் தெரியும், கவலை வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் கார்டின் பெயரை இருமுறை தட்டி, டிரைவர் என்ற பக்கத்தில் ரோல்பேக் பொத்தானைப் பாருங்கள். அது ஒளிர்ந்தால் ஒரே சொடுக்கில் பழைய டிரைவர் வந்துவிடும். மங்கிக்கிடந்தால் பழைய பதிப்பு கணினியில் இல்லை என்று பொருள். நிறுவும்போது கிளீன் இன்ஸ்டால் என்பதைத் தேர்ந்தெடுத்தவர்களின் கணினிகளில் அது மங்கியிருப்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்போது டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியை வேறொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, சேஃப் மோடிலேயே ஓட்டுங்கள். டி.டி.யூ. என்று சுருக்கி அழைக்கப்படும் இந்தக் கருவி, டிரைவரின் எச்சங்களையெல்லாம் துடைத்துவிடும். அதை ஓட்டுவதற்கு முன் இணையக் கேபிளைக் கழற்றிவிடுங்கள் அல்லது வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் துடைத்து முடித்துக் கணினியை மீண்டும் தொடங்குவதற்குள் விண்டோஸ் அப்டேட் தானாகவே ஏதோ ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். பிறகு இரண்டும் முட்டிக்கொள்ளும்.

உங்களுக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பழைய பதிப்பை நிறுவனத்தின் தளத்தில் எடுக்கலாம், என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் மூன்றுமே முந்தைய பதிப்புகளை வைத்திருக்கின்றன. ஆனால் அதன் எண் நினைவிருக்க வேண்டும். எனக்கு நினைவிருப்பதில்லை என்பதால், ஒழுங்காக ஓடும் டிரைவரின் நிறுவல் கோப்பை, பெயரில் தேதியையும் சேர்த்து, தனி ஃபோல்டரில் எப்போதும் வைத்திருக்கிறேன். உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் பழைய கோப்பு இன்னும் கிடக்கிறதா என்று சேஃப் மோடில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். கிடைத்தால் தேடும் வேலை மிச்சம்.